அடி பதினெட்டில் 343: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழின் கணக்குப் பகுதியில் வாசகர்களிடம் ஒன்றைக் கேட்டிருந்தோம். 343 என்ற எண்ணை எழுதும்போது அதன் இலக்கங்கள் எல்லாம் ஒரே இலக்கமாக வரவேண்டுமென்றால், எந்தெந்த எண்களை அடியாகக் கொள்ளலாம்? ஓரிலக்கமாக எழுதி முடிப்பதை விடையாகக் கொள்ளக்கூடாது என்பது நிபந்தனை. எமது விடை 18, 48, 342 ஆகிய மூன்று அடிகள். அவற்றில் 343 முறையே 111, 77, 11 என எழுதப்படும். விடை அனுப்பியவர்களில் பலர் அதனுடன் நின்றுவிடாமல் மேலும் கேள்விகளை எழுப்பியிருக்கிறார்கள். அவற்றுள் ஒன்றுக்கு நீண்ட பதில் தேவைப்படுவதால், இம்முறை பகுதி முழுவதையும் இந்த ஓர் எண்ணுக்கே ஒதுக்கியுள்ளோம்.

கேள்வி: என் மகள் ஒன்பதாம் தரத்தில் படிக்கிறாள். பாடசாலையில் துவித எண்கள் படிப்பித்துவிட்டதால் அடி இரண்டு என்றால் என்னவென்று அவளுக்கு விளங்குகிறது. எனக்கு அதுவும் விளங்கவில்லை. அடி 18 என்பது என்ன? அதற்கு வேண்டிய பதினெட்டு இலக்கங்களுக்கு எங்கே போவது?
– ஒரு தாய், கொட்டாஞ்சேனை

பதில்: அம்மா, பத்தை விட்டு வேறோர் அளவில் எண்ணும் வழக்கம் உங்கள் வீட்டிலும் இருக்கவே செய்யும், அதற்கு அடி என்ற பெயரை யாரும் சூட்டுவதில்லை, அவ்வளவுதான். புறக்கோட்டையில் பொத்தான்களை மொத்தமாக வாங்கும் ஒருவர் 343 பொத்தான்களைப் பன்னிரண்டு பன்னிரண்டாகக் கட்டினால், பன்னிரண்டு டசின் கொண்ட குரோஸ் இரண்டும், டசின் நான்கும், உதிரியாக ஏழும் கிடைக்கும். அந்த மூன்றையும் வரிசையாக 247 என்று எழுதினால் அதுவே அடி 12இல் 343 ஆகும். பஞ்சாங்கம் பார்ப்பவர்கள் ஒரு நாளை 60 நாழிகையாகவும் ஒரு நாழிகையை 60 விநாழிகையாகவும் பிரிப்பார்கள். 343 நாழிகையை 5 நாளும் 43 நாழிகையும் என்று அவர்கள் சொல்லும்போது, அடி 60இல் ஓர் ஈரிலக்க எண்ணைச் சொல்கிறார்கள். பொத்தான்களின் தொகையும் நேரத்தின் அளவும் மாறவில்லை. எத்தனை எத்தனையாகக் கட்டுகிறோம் என்பது மட்டுமே மாறியிருக்கிறது.

அடி 18இல் கட்டின் அளவு பதினெட்டு. எனவே இடப்பெறுமானங்கள் வலமிருந்து இடமாக 1, 18, 324 என்று செல்லும். 343இலிருந்து 324ஐ ஒரு முறை எடுத்தால் மீதி 19. அதிலிருந்து 18ஐ ஒரு முறை எடுத்தால் மீதி 1. ஆகவே 111.

இலக்கங்களைப் பற்றிய உங்கள் ஐயம் நியாயமானது. பத்து முதல் பதினேழு வரையான எட்டுப் பெறுமானங்களுக்குத் தனிக் குறிகள் தேவை. அடி 16 ஆன பதினறும முறையில் ஆங்கில எழுத்துகளைப் பயன்படுத்துகிறார்கள். நாம் உயிரெழுத்துகளை எடுத்துக்கொள்ளலாம். அ 10, ஆ 11, இ 12, ஈ 13, உ 14, ஊ 15, எ 16, ஏ 17 என்று வைத்தால் எட்டு எழுத்துகள் கூடாமலும் குறையாமலும் போதுமாகின்றன. ஒன்றை மட்டும் கவனத்திற் கொள்ள வேண்டும்: பழைய தமிழ் எண்குறிகளில் எட்டைக் குறிப்பது அகரத்தையும், ஏழைக் குறிப்பது எகரத்தையும், இரண்டைக் குறிப்பது உகரத்தையும் ஒத்த வடிவங்கள் என்பதால், அவற்றை அறிந்தவர்கள் இரண்டையும் கலந்துவிடக்கூடாது. இப்பகுதியின் எஞ்சிய பதில்களில் இந்த உயிரெழுத்து முறையையே கையாளுகிறோம்.

கேள்வி: 343 என்பது 7இன் கனம். அடி 18இல் அது 111. ஒரு நிறைகன எண் இவ்வளவு ஒழுங்காக எழுதப்படுவது தற்செயலானது என்கிறார் எங்கள் ஆசிரியர். எண்களில் தற்செயல் என்று எதுவும் இல்லை, பின்னால் ஒரு விதி இருந்தே தீரும் என்கிறான் என் தம்பி. யார் சொல்வது சரி?
– உயர்தர மாணவி, வெள்ளவத்தை

பதில்: அன்புள்ள மாணவிக்கு, இக்கேள்விக்காகவே இந்த இதழின் பக்கங்களைக் கூட்டிக் கேட்டு வாங்கினேன். ஓர் எண்ணைப் பற்றிய வியப்பைக் காணும்போது, அது ஒரு விதியின் விளைவா, விதிக்கு வெளியே நிற்கும் ஒன்றா என்று பிரித்தறிய முற்படுவதிலிருந்தே எண்கணிதம் தொடங்குகிறது.

முதலில் விதிகளை ஒதுக்கிவைப்போம். 343 அடி 7இல் 1000 ஆகிறது; எந்த எண்ணின் கனமும் அந்த எண்ணையே அடியாகக் கொண்டால் 1000 தான். அடி 6இல் 343 ஐ எழுதினால் 1331 வருகிறது. இதுவும் விதியே, ஏனெனில் 7 என்பது 6 + 1, அதன் கனத்தை விரித்தால் குணகங்களாக 1, 3, 3, 1 வருவதை நீங்கள் ஈருறுப்புத் தேற்றத்தில் படித்திருப்பீர்கள். அடி 48இல் 77 வருவதும் அப்படிப்பட்டதே. 48 என்பது 7இன் வர்க்கத்துக்கு ஒன்று குறைவு. 7 × 49 என்பதை 7 × 48 + 7 என்று பிரித்தால் 77 தானாகவே வந்துவிடுகிறது. 7க்குப் பதிலாக 5ஐ எடுத்தால் 125 அடி 24இல் 55 ஆகும். இவற்றையெல்லாம் கண்டு மகிழலாம். ஆனால் இவை 7க்கு மட்டும் உரிய பெருமைகள் அல்ல.

அடி 18இல் வரும் 111 இந்த வகையில் சேராது. அடியை ப என்று கொண்டால், மூன்று ஒன்றுகள் என்பது ப² + ப + 1 ஆகும். இது ஒரு முழுவெண்ணின் கனமாக, அதாவது ம³ ஆக இருக்க வேண்டும். ப = 2 என்றால் 7; ப = 3 என்றால் 13; பிறகு 21, 31, 43, 57, 73, 91, 111 என்று போகும் இந்தத் தொடரில் 18ஐ அடையும்வரை ஒரு நிறைகன எண்ணும் இல்லை. 18இல் 343 வருகிறது. அதற்குப் பின் எவ்வளவு தூரம் சென்றாலும் இன்னொன்று கிடைப்பதில்லை.

இது எப்படி நேர்ந்தது என்பதை ஓரளவுக்கு உள்ளே சென்று பார்க்க முடியும். ப² + ப + 1 ஆனது 7ஆல் மீதியின்றி வகுபட வேண்டுமென்றால், ப ஐ 7ஆல் வகுக்கும்போது மீதி 2 ஆகவோ 4 ஆகவோ இருக்க வேண்டும். 4ஐ இட்டுப் பாருங்கள், 21 வரும். அடுத்து 49ஆல் வகுபட வேண்டும். அதற்கு 4உடன் 7இன் ஏதோவொரு மடங்கைக் கூட்ட வேண்டும். 14ஐக் கூட்டினால் 18 கிடைக்கிறது. பிறகு 343ஆல் வகுபட வேண்டும். வழக்கப்படி 18உடன் 49இன் ஏதோவொரு மடங்கைக் கூட்டியாக வேண்டும். பூச்சியம், 49, 98 என்று தொடங்கி 294 வரை ஏழு மடங்குகள் உள்ளன. ஏழில் ஒன்று மட்டுமே பொருந்தும். எமது எண்ணுக்குப் பொருந்துவது பூச்சியம். எதையும் கூட்டாமலே 18 போதுமாகிவிடுகிறது. மீதி 2இலிருந்து புறப்படும் மற்றப் பாதை அப்படியில்லை. அது 30ஐ அடைந்து, பிறகு 294ஐக் கூட்டி 324 வரை ஏற வேண்டியிருக்கிறது. அந்த ஒரு படியில் கூட்ட வேண்டிய தொகை பூச்சியமாக அமைந்ததே, ஆசிரியர் குறிப்பிட்ட தற்செயல். பாடசாலை நாட்களில் ஒரு பயிற்சிக் கொப்பியின் பின்னட்டையில் இந்தப் படிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, 18 அசையாமல் நிற்பதைக் கண்ட மாலை எனக்கு இன்றும் மறக்கவில்லை.

ஆனால் உங்கள் தம்பியும் முற்றாகத் தோற்றுவிடவில்லை. வேறு எந்த அடியிலும் இது நிகழாது என்பதற்கு நிறுவல் உண்டு. நோர்வே நாட்டுக் கணிதவியலாளர் துரிக்வே நாகெல் 1920களில் இச்சமன்பாட்டை ஆராய்ந்து பெரும் பகுதியைத் தீர்த்தார். அவர் நாட்டவரான வில்ஹெல்ம் லியுங்கிரென் 1940களில் எஞ்சியதை முடித்தார். மூன்று ஒன்றுகளால் எழுதப்படும் ஓர் எண், கனமோ வர்க்கமோ அதற்கு மேற்பட்ட வலுவோ ஆவது 343 என்ற ஒரே இடத்தில் மட்டுமே. எதிர்பாராமல் நேர்ந்த ஒன்று, ஒரே தடவை மட்டும் நேரும் என்பது தேற்றமாகிவிட்டது.

மூன்று என்ற எண்ணிக்கையை விட்டு, எத்தனை ஒன்றுகள் வேண்டுமானாலும் வரலாம் என்று தளர்த்தினால், அறியப்பட்ட உதாரணங்கள் மொத்தம் மூன்றே: அடி 3இல் 11111, இது 121, அதாவது 11இன் வர்க்கம்; அடி 7இல் 1111, இது 400, அதாவது 20இன் வர்க்கம்; மூன்றாவது எமது 343. வர்க்கங்களைப் பொறுத்தவரை முதலிரண்டைத் தவிர வேறில்லை என்பதை லியுங்கிரென் நிறுவிவிட்டார். எல்லா வலுக்களுக்கும் சேர்த்து, இம்மூன்றுக்கு மேல் இல்லை என்பது இன்றுவரை எவராலும் முழுமையாக நிறுவப்படவில்லை.

இந்த மூன்றில் இரண்டு ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்பதை நீங்கள் கவனித்தீர்களா? 343இன் காரணிகள் 1, 7, 49, 343. அடி 7இல் எழுதினால் அவை 1, 10, 100, 1000. அவற்றைக் கூட்டினால் 1111, அதாவது 400, அதாவது 20இன் வர்க்கம். 1657ஆம் ஆண்டில் பிரான்சின் ஃபெர்மா, ஒரு நிறைகன எண்ணையும் அதன் மற்றக் காரணிகள் எல்லாவற்றையும் கூட்டினால் நிறைவர்க்கம் வரவேண்டும் என்று தம் காலத்துக் கணிதவியலாளர்களுக்கு ஓர் அறைகூவல் விடுத்தபோது, உதாரணமாகக் காட்டியது இதே 343ஐத்தான். இதைப்போல் இன்னொன்றைக் கண்டுபிடியுங்கள் என்று கேட்டார். 751530இன் கனம் அப்படிப்பட்ட ஒன்று; 751530 என்பது 2, 3, 5, 13, 41, 47 ஆகிய முதன்மை எண்களின் பெருக்கம் என்ற குறிப்பைக் கொண்டு, அதன் கனத்தின் காரணிகளின் கூட்டுத்தொகை ஒரு நிறைவர்க்கம் என்பதை நீங்களும் தம்பியும் ஒரு மாலையில் சரிபார்த்துவிடலாம்.

கேள்வி: அடி 18ஐத் தேடிப் போவானேன்? நாம் எழுதும் அடி பத்திலேயே 343 முன்னும் பின்னும் ஒன்றாக வாசிக்கப்படுகிறது. மேலும் முதலிரு இலக்கங்களைக் கூட்டி, கூட்டுத்தொகையை மூன்றாம் இலக்கத்தின் வலுவுக்கு உயர்த்தினால், (3 + 4)³ என்று அதே எண் வந்துவிடுகிறதே. இவை இதைவிடச் சிறந்த பண்புகள் அல்லவா?
– ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், தெஹிவளை

பதில்: ஐயா, முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: (3 + 4)³ என்பதில் கடைசி மூன்று, எண்ணின் கடைசி இலக்கம், இலக்கங்களின் வரிசை குலையாமலே 3, 4, 3 என்று வருவதால் அது நீங்கள் சொல்வது போல் அழகானதே. ஆனால் அந்த அழகு 343 என்ற தொகைக்கு உரியதன்று. அதைப் பத்துப் பத்தாகக் கட்டி எழுதிய எழுத்துக்கு உரியது. 343 பொத்தான்களை மேசையில் பரப்பினால், அவற்றை ஏழு ஏழாக ஏழு வரிசை வைத்த சதுரங்கள் ஏழாக அடுக்கலாம் என்பது எந்த நாட்டில், எந்த எண்முறையில் எண்ணினாலும் உண்மை. (3 + 4)³ என்பது பத்தை விட்டு ஒன்பதுக்குச் சென்றவுடன் மறைந்துவிடும். அங்கே அந்த எண் 421.

முன்னும் பின்னும் ஒன்றாக வாசிக்கப்படும் பண்பைப் பொறுத்தவரை, பத்துக்கு அதில் தனியுரிமை இல்லை. இரண்டிலிருந்து தொடங்கி ஒவ்வோர் அடியாக எழுதிப் பார்த்தேன். அடி 6இல் 1331, அடி 10இல் 343, அடி 11இல் 292, அடி 18இல் 111, அடி 48இல் 77, அடி 342இல் 11. ஓரிலக்கமாக எழுதுவதை விட்டால் இந்த ஆறு அடிகளே உண்டு. 18க்கு மேல் 343க்கு மூன்று இலக்கங்கள் கிடைப்பதில்லை, ஏனெனில் 19இன் வர்க்கம் 361. ஆகவே அங்கே ஈரிலக்கங்களை மட்டும் ஆராய்ந்தால் போதும், அவை 343இன் காரணிகளிலிருந்து நேரே வந்துவிடுகின்றன. மூன்று இலக்கம் கொள்ளும் கடைசி அடியும், மூன்றும் ஒன்றாகவே வரும் அடியும் ஒன்றே என்பதையும் பார்த்து வையுங்கள்.

அடி பத்தின் இலக்கங்களைப் பற்றிய வியப்புகளை நான் தாழ்த்தவில்லை. 18இன் கனம் 5832. அதன் இலக்கங்களின் கூட்டுத்தொகை மீண்டும் 18. 17இன் கனம் 4913. அதன் இலக்கங்களின் கூட்டுத்தொகை 17. அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு இது அமைவது எனக்கும் மிகப் பிடித்தமானது. ஆயினும் இவை எமக்குப் பத்து விரல்கள் இருப்பதால் கிடைத்தவை. இலக்கம் சார்ந்த பண்பைத் தொகை சார்ந்த பண்பாக எண்ணி மயங்காதிருப்பதற்கு, அதை வேறோர் அடியில் எழுதிப் பார்ப்பதைவிடச் சிறந்த சோதனை இல்லை.

அடி 18இல் வரும் 111 எந்தப் பக்கம் சேரும் என்று நீங்கள் கேட்கலாம். எழுதும் முறையைப் பற்றிய கூற்று போலத் தோன்றினாலும், அதன் உள்ளடக்கம் 1 + 18 + 18² = 7³ என்பது. அது அடியை மாற்றினாலும் மாறாத ஒரு சமன்பாடு. அடி 18 என்பது அச்சமன்பாட்டைக் கண்ணுக்குத் தெரியும்படி நிறுத்தும் சாளரம்.

கேள்வி: எமது அடி பத்தில் 11, 111, 1111 என்று ஒன்றுகளாலேயே எழுதப்படும் எண் ஏதாவது வர்க்கமாகவோ கனமாகவோ வருமா?
– கணித ஆசிரியை, பம்பலப்பிட்டி

பதில்: வராது. வர்க்கம் வராது என்பதை உங்கள் வகுப்பிலேயே இரண்டு நிமிடத்தில் நிறுவிக் காட்டலாம். நூறும் அதற்கு மேற்பட்ட இடப்பெறுமானங்களும் 4ஆல் வகுபடும். ஆகவே இத்தகைய எண்ணை 4ஆல் வகுத்தால் வரும் மீதி, 11ஐ 4ஆல் வகுத்தால் வரும் மீதியே, அதாவது 3. எந்த வர்க்கத்தை 4ஆல் வகுத்தாலும் மீதி 0 அல்லது 1. கனமும் அதற்கு மேற்பட்ட வலுக்களும் அவ்வளவு எளிதில் விலகுவதில்லை. 1999இலேயே யான் புஜோ, மோரிஸ் மிஞோட் ஆகிய இருவரும் அவையும் இயலாது என்று நிறுவினர்.

பத்தைப் போலவே 18ஐயும் 4ஆல் வகுத்தால் மீதி 2. எனவே மேற்கண்ட நிறுவலைச் சொல்லுக்குச் சொல் அடி 18க்கும் பயன்படுத்தலாம். அங்கும் ஒன்றுகளால் ஆன எண் வர்க்கமாக முடியாது. கனத்துக்கு அந்தத் தடை இல்லை, ஏனெனில் ஒற்றை எண்களின் கனங்கள் 4ஆல் வகுக்கும்போது மீதி 3ஐயும் தரும். 343 நுழைந்தது அந்த வழியால்.

கேள்வி: நான் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். இவ்வாறு ஓர் எண்ணை அடி 18இல் எழுதுவதால் கணிப்பதற்கு ஏதாவது இலகு உண்டா, அல்லது பார்ப்பதற்கு மட்டுமா?
– வாசகர், கிராண்ட்பாஸ்

பதில்: உண்டு, அதிலும் வகுத்தலில் அது தெளிவாகத் தெரியும். 1ஐ 343ஆல் வகுத்துப் பாருங்கள். எமது தசம முறையில் 0.002915451895… என்று தொடங்கி, 294 இலக்கங்கள் எழுதி முடித்த பிறகே முதலிலிருந்து மீண்டும் தொடங்கும். மீளும் தசமமாக 343க்கு இருக்கக்கூடிய மிக நீண்ட சுற்று அதுதான். 343க்குக் குறைந்து 7ஆல் வகுபடாத எண்கள் 294 இருப்பதால் சுற்று அதற்கு மேல் போக முடியாது, எமது பத்தோ அந்த எல்லை வரை சென்றுவிடுகிறது.

அதே வகுத்தலை அடி 18இல் செய்தால் விடை 0.00ஏ00ஏ00ஏ… என்று முடிந்துவிடும். ஏ என்பது பதினேழு என்பதை மேலே சொன்னோம். மூன்றே இலக்கங்கள் கொண்ட சுற்று. காரணம் எளியது: 343ஐ 17ஆல் பெருக்கினால் 5831, அது 18இன் கனமான 5832க்கு ஒன்று குறைவு. அடி 18இல் அந்தப் பெருக்கம் ஏஏஏ, தசம முறையில் 7 × 142857 பெருக்கி 999999 வருவதைப் போல.

பெருக்கலிலும் இந்த ஒழுங்கு சிறிது தூரம் வரும். அடி 18இல் 111ஐ அதனாலேயே பெருக்கினால் 12321. அது 117649, அதாவது 7இன் ஆறாம் வலு. மீண்டும் 111ஆல் பெருக்கினால் 1367631. அது 7இன் ஒன்பதாம் வலு. இன்னுமொரு முறை பெருக்கும்போது நடுவில் 19 வந்து, அது 17ஐ மீறுவதால் ஒன்று இடப்பக்கம் ஏறி, இருபுறமும் ஒத்திருந்த வடிவம் குலைந்துவிடும்.

உங்கள் தொழிற்சாலையின் பேரேட்டை அடி 18க்கு மாற்றும்படி நான் கூறமாட்டேன். ஆனால் ஒரு பின்னத்தின் சுற்று நீளம், அடிக்கும் பகுதி எண்ணுக்கும் இடையிலுள்ள உறவைப் பொறுத்தது என்பதை விளங்கிக்கொள்வதற்கு, 294ஐயும் 3ஐயும் அருகருகே வைத்துப் பார்ப்பதைவிட நல்ல வழியை நான் அறியேன்.

கேள்வி: ஒரே இலக்கம் திரும்பத் திரும்ப வரும் எண்களுக்குத் தனிப் பெயர் உண்டா? இரண்டு வெவ்வேறு அடிகளிலும் ஒன்றுகளாகவே எழுதக்கூடிய எண் இருக்கிறதா?
– வாசகர், மருதானை

பதில்: ஓர் எண்ணை, தன்னைவிட ஒன்று குறைந்த எண்ணிலும் சிறிய ஓர் அடியில் ஒரே இலக்கத்தால் எழுத முடியுமானால் அதைப் பிரேசில் எண் என்பார்கள். 1994ஆம் ஆண்டில் பிரேசிலின் ஃபோர்த்தலேசா நகரில் நடைபெற்ற ஐபீரிய – அமெரிக்கக் கணித ஒலிம்பியாட்டில், 1994 இப்படிப்பட்டது, 1993 அப்படிப்பட்டதன்று என்று நிறுவும்படி ஒரு கணக்கு வந்ததே பெயரின் தோற்றம். 1994 அடி 996இல் 22. எட்டும் அதற்கு மேற்பட்ட எல்லா இரட்டை எண்களும் இவ்வாறே அடங்கும். 1993 முதன்மை எண் என்பதால் இலக்கங்கள் ஒன்றாக மட்டுமே இருக்க முடியும். அடி 44இல் மூன்று ஒன்றுகள் 1981ஐயும் அடி 45இல் 2071ஐயும் தருவதால் 1993 இடையில் விடுபட்டுவிடுகிறது. நான்கு ஒன்றுகள் முதலான மற்ற நிலைமைகளை நீங்களே நீக்கிவிடலாம்.

இரண்டு அடிகளில் ஒன்றுகளாக, இரண்டிலும் குறைந்தது மூன்று ஒன்றுகள் இருக்கும்படி எழுதக்கூடியவை இரண்டு மட்டுமே அறியப்பட்டுள்ளன. 31 என்பது அடி 5இல் 111, அடி 2இல் 11111. 8191 என்பது அடி 90இல் 111, அடி 2இல் பதின்மூன்று ஒன்றுகள். வேறு இல்லை என்ற கருத்துக்குப் பெல்ஜியத்தின் கூர்மாக்டிக் பெயர் சூட்டப்பட்டுள்ளது. அதுவும் இன்னும் நிறுவப்படாத ஒன்று.

கேள்வி: உங்கள் விடையில் ஒன்று விடுபட்டிருக்கிறது. அடி எதிர் எண்ணாகவும் இருக்கலாம் என்று படித்திருக்கிறேன். −19ஐ அடியாகக் கொண்டாலும் 343 ஆனது 111 தான்.
– பல்கலைக்கழக மாணவர், மட்டக்குளி

பதில்: நீங்கள் கூறுவது முற்றிலும் சரி. அடி −19இல் இடப்பெறுமானங்கள் 1, −19, 361. மூன்றையும் கூட்டினால் 343. அந்த அடியில் 0 முதல் 18 வரையான இலக்கங்களைக் கொண்டு, முன்னால் கழித்தல் குறி இடாமலே எல்லா முழுவெண்களையும் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு வழியில் எழுதலாம் என்பதால், அது அடியாக இருப்பதற்கு எந்தக் குறையும் இல்லை. 18க்கும் −19க்கும் உள்ள உறவும் எதிர்பாராததன்று: ப² + ப + 1 என்பதில் ப இருந்த இடத்தில் −1 − ப ஐ இட்டால் பெறுமானம் மாறாது. ஆகவே ஒரு நேர் அடியில் 111 ஆக வரும் ஒவ்வோர் எண்ணும், அதற்கு ஒன்று கூடிய எதிர் அடியிலும் 111 ஆகவே வரும். 31க்கு அது −6, 8191க்கு −91.

77க்கும் 11க்கும் இத்தகைய இணை இல்லை என்பதையும், எதிர் அடிகளில் நான்கும் ஐந்துமான இலக்கங்களால் 343 ஒரே இலக்கமாக வருவதில்லை என்பதையும் உங்கள் கடிதம் கிடைத்த பிறகு சரிபார்த்தேன். கேள்வியில் நேர் அடிகள் மட்டும் என்று நாங்கள் நிபந்தனை இடவில்லை. எனவே சென்ற இதழின் கணக்குக்கு விடை மூன்று அடிகள் அல்ல, −19, 18, 48, 342 ஆகிய நான்கு.